பசை போடுவதற்கு முன்

மேஜையின் மேல் ஒரு மரப்பெட்டி இருந்தது. அதைச் சுற்றி நான்கு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அப்பா, மாமா, அண்ணன், வண்டு. இதில் வண்டு என்பவள் பத்து வயதுச் சிறுமி. எதையாவது யோசிக்க ஆரம்பித்தால் தன்னை அறியாமல் 'ம்ம்ம்' என்று ரீங்காரம் போடுவாள். அதனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் உண்டு. வீட்டில் அதைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் இருந்துவிடுவாள்.

அண்ணனுக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது. கேப்டன். கணினியில் கால்பந்து ஆடும் நான்கு பையன்களுக்கு அவன்தான் தலைவன். ஆனால் பாவம், அந்தத் தலைவனிடம் சொந்தமாகக் கணினி இல்லை. நண்பன் வீட்டில் யாராவது சாப்பிட எழுந்தால் ஓடிப்போய் அந்த நாற்காலியில் உட்காருவான். அவர்கள் கை கழுவி வருவதற்குள் எழுந்துவிட வேண்டும். 'நாற்காலி இல்லாத கேப்டன்' என்று கூட்டாளிகள் கேலி செய்வதை அவன் வீட்டில் சொன்னதே இல்லை. வண்டுவுக்கு மட்டும் எப்படியோ தெரியும். தங்கைகளிடம் எதையும் மறைக்க முடியாது.

அந்த நாற்காலிக் கவலை இன்றோடு தீரப்போகிறது. அதனால்தான் இத்தனை பரபரப்பு.

பெட்டியைச் செய்தவர் அப்பா. அவர் தச்சர். கணினிக்குக் கடையில் விற்கும் இரும்புப் பெட்டி எதற்கு, நானே செய்கிறேன் என்று பட்டறையில் மீந்த பிளைவுட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். காற்றுப் போக வரிசையாகத் துளைகள், மூலைகளில் வழவழப்பு, கதவு போலத் திறக்கும் பக்கப் பலகை எல்லாம் வைத்தார். தகவல்களைச் சேமித்து வைக்கும் டிஸ்க்கிற்கு ஒரு தட்டு போதும் என்று சொல்லியிருந்தார்கள். அப்பா இரண்டு தட்டு வைத்துவிட்டார். அலமாரி செய்தே பழகிய கைக்கு ஒற்றைத் தட்டோடு நிறுத்தத் தெரியவில்லை.

"இன்னொரு தட்டு எதுக்கு அத்தான்? துணி மடிச்சு வைக்கவா?" என்று மாமா கேலி செய்தார்.

மாமா, அம்மாவின் தம்பி. கணினிக் கடையில் வேலை செய்பவர். உள்ளே இருக்கும் பாகங்களை எல்லாம் ஒவ்வொன்றாக வாங்கி வந்து பொருத்தியவர் அவர்தான். இப்போது அவர் ஒரு விரலை நீட்டி, பெட்டியின் முன்னால் இருந்த பொத்தானை அழுத்தினார்.

உள்ளே விசிறிகள் சுழன்றன. துளைகள் வழியாக நீல வெளிச்சம் வந்தது. திரை விழித்தது. கறுப்பான திரையின் நடுவில் ஒரே ஒரு வெள்ளை வரி தோன்றியது. அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை.

மலையும் கடலும் பறக்கும் கார்களும் வரும் என்று காத்திருந்த வண்டுவுக்கு முகம் வாடிவிட்டது. கெட்டுப்போய்விட்டதா என்று மெல்லக் கேட்டாள்.

"கெடலை வண்டு. உங்கம்மா ஓட்டுற பஸ்ஸை நினைச்சுக்கோ," என்றார் மாமா. "இன்ஜின் இருக்கு, சக்கரம் இருக்கு, சீட்டு இருக்கு. ஓட்டுறவங்க ஏறி உட்காரலைன்னா வண்டி நகருமா? இதுக்கு இன்னும் ஆள் ஏறலை. அந்த ஆளுக்குப் பேருதான் ஓ.எஸ்."

பாடப்புத்தகத்தில் அதை இயங்குதளம் என்று வண்டு படித்திருக்கிறாள். பரீட்சையில் இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதியும் இருக்கிறாள். ஆனால் அது இல்லாமல் ஒரு கணினி இப்படித் திகைத்து நிற்கும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பலகை லேசாக அதிர்ந்தது. உள்ளே இவ்வளவு சக்தி இருக்கிறது, என்ன செய்வதென்று மட்டும் அதற்குத் தெரியவில்லை. 

"சரி, எந்த ஆளை ஏத்தலாம்?" என்றார் மாமா.

அங்கேதான் சண்டை ஆரம்பித்தது.

ஒன்று விண்டோஸ், மற்றொன்று லினக்ஸ். லினக்ஸை உலகம் முழுவதும் இருக்கும் ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து எழுதினார்கள், அதை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம், பெரும்பாலான விளையாட்டுகள் அதிலும் ஓடும் என்று மாமா அடுக்கிக்கொண்டே போனார். கேப்டன் குறுக்கே புகுந்து, பெரும்பாலானது என்றால் என் விளையாட்டும் ஓடுமா என்று கேட்டான். மாமா தலையைச் சொறிந்தார். ஆட்டத்தில் யாரும் ஏமாற்றாமல் பார்த்துக்கொள்ள அந்த விளையாட்டு ஒரு காவல்காரனை வைத்திருக்கிறது, அந்தக் காவல்காரன் விண்டோஸில் மட்டும்தான் வேலைக்கு வருவான் என்று ஒப்புக்கொண்டார். அப்படியானால் விண்டோஸ்தான் என்று கேப்டன் தீர்ப்பே சொல்லிவிட்டான்.

இரண்டையும் போட முடியாதா என்று அப்பா கேட்டார். வாங்கியிருப்பது சின்ன டிஸ்க், கேப்டனின் கால்பந்து மட்டுமே அதில் பாதியை விழுங்கிவிடும், இரண்டுக்கும் இடம் போதாது என்றார் மாமா.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. எதில் சண்டை வந்தாலும் சாப்பாட்டுக்குப் பிறகு ஓட்டெடுப்பு. அன்றைக்குப் பாத்திரம் கழுவுகிறவருக்கு மட்டும் இரண்டு ஓட்டு. பாத்திரம் கழுவ ஆள் கிடைக்காமல் திண்டாடிய காலத்தில் அம்மா கொண்டுவந்த சட்டம் அது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அம்மாவுக்கு மாலை வரை வேலை. நகரப் பேருந்து ஓட்டுநருக்கு ஞாயிறு ஏது, திங்கள் ஏது? காலையில் கிளம்பும்போதே, எதில் சண்டை வந்தாலும் எது சத்தம் போடாதோ அதற்கு என் ஓட்டு என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அப்பாவின் ஓட்டு எப்போதும் தோற்கப் போகிறவர்களுக்குத்தான் விழும், பாவம் பார்த்து. மாமா விருந்தாளி. அவருக்கு வாய் உண்டு, ஓட்டு கிடையாது.

சாப்பிட்டு முடித்ததும் கேப்டன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பாத்திரம் கழுவப் போனான். கூப்பிடாமலே போனான். அடுப்படியிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டால் பாத்திரங்களுக்கே பயம் வந்திருக்கும்.

வண்டு மட்டும் கூடத்தில் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்தாள். அங்கே ஒரு போர்வை மூட்டை இருந்தது. அதன் மேல் கையை வைத்துக்கொண்டு யோசித்தாள். 'ம்ம்ம்' என்ற சத்தம் மெல்ல எழுந்தது.

மூட்டைக்குள் இருந்தது ஒரு ஸ்டியரிங்.

மரப்பெட்டிக்குத் திருகாணி தேடிப் பரணில் ஏறியபோது அவள் கண்ணில் பட்டது அது. நிஜக் காரில் இருப்பதைவிடக் கொஞ்சம் சிறியது. கூடவே காலால் மிதிக்க இரண்டு பெடல்கள். அது என்ன என்று அவள் கேட்டபோது அம்மாவின் முகமே மாறிவிட்டது. குழந்தைகள் பிறப்பதற்கு முன்னால் அப்பா ஆசை ஆசையாக வாங்கியதாம். அப்போது அவர்களிடம் ஒரு பழைய கணினி இருந்ததாம். விடுமுறை நாள் வந்தால் இருவரும் கார்ப் பந்தயம் விடுவார்களாம்.

"ஒரு தடவைகூட நான் ஜெயிச்சதில்லை," என்றார் அம்மா. "இத்தனைக்கும் உங்கப்பாவுக்கு நிஜ வண்டி ஓட்டத் தெரியாது. லைசென்ஸே கிடையாது."

பிறகு அந்தக் கணினி கெட்டுப்போனது. வேறு கணினிகளில் செருகிப் பார்த்தார்கள். எதற்கும் இந்த ஸ்டியரிங்கை அடையாளம் தெரியவில்லை. அதற்கடுத்து, வண்டு தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில், பட்டறையில் ரம்பம் பட்டு அப்பாவின் வலக்கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. ஸ்டியரிங் பரணுக்குப் போனது.

அப்பா அதற்காக முடங்கிவிடவில்லை. மிச்சம் இருந்த விரல்களால் உளி பிடித்தார், இழைப்புளி தள்ளினார். ஆனால் கணினி விளையாட்டு மட்டும் கைக்கு வரவில்லை. அதில் பொத்தான்களைச் சடசடவென்று தட்ட வேண்டும். ஒரு முறை கேப்டன் நண்பன் வீட்டில் இரவல் வாங்கி வந்த விளையாட்டுக் கருவியை அப்பா பிடித்துப் பார்த்தார். அது கையிலிருந்து நழுவி நழுவி விழுந்தது. "எனக்கு இதெல்லாம் வராதுப்பா," என்று சொல்லிச் சிரித்தார். வாய்தான் சிரித்தது. கண் சிரிக்கவில்லை. வண்டு அதைப் பார்த்துவிட்டாள். பார்த்ததிலிருந்து அது அவள் மனதை அரித்துக்கொண்டே இருந்தது.

ஸ்டியரிங் கிடைத்த அன்று அவள் ஒரு காரியம் செய்தாள். தன் வலக்கையில் இரண்டு விரல்களை மடக்கிக்கொண்டு அதைப் பிடித்துப் பார்த்தாள். பிடிக்க முடிந்தது. திருப்ப முடிந்தது. இதற்குச் சடசடவென்று தட்டும் விரல்கள் வேண்டாம், உள்ளங்கை போதும். அவ்வளவுதான், வண்டு ரகசியமாக மாமாவிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்துக் கடைக்கு எடுத்துப் போகச் சொன்னாள்.

மாமா அங்கிருந்த விண்டோஸ் கணினியில் செருகிப் பார்த்தார். ஸ்டியரிங்கின் நடுவில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. வேறு எதுவும் அசையவில்லை.

"விண்டோஸ் மேல தப்பில்லை வண்டு," என்று அவர் திருப்பிக் கொடுத்தார். "இதைச் செஞ்ச கம்பெனி, புது கம்ப்யூட்டருக்கெல்லாம் புரியுற மாதிரி ஒரு சின்ன புரோகிராம் எழுதித் தரணும். கம்பெனியையே மூடிட்டுப் போயிட்டாங்க. இனிமே யாரு எழுதுவா?"

அன்றே மூட்டையைப் பரணில் திருப்பி வைத்திருக்கலாம். வண்டுவுக்கு மனம் வரவில்லை. மேஜைக்கு அடியிலேயே வைத்திருந்தாள்.

இப்போது அடுப்படியில் சத்தம் நின்றது. கேப்டன் ஈரக் கையைத் துடைத்தபடி வந்து நின்றான். ஓட்டெடுப்பை ஆரம்பிக்கலாம் என்றான்.

அப்பா தரையில் உட்கார்ந்து, மரப்பெட்டிக்கு மேல்மூடி செய்துகொண்டிருந்தார். நான்கு சட்டங்களையும் ஒன்றோடொன்று செருகினார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். ஒரு மூலையில் மயிரிழை இடைவெளி தெரிந்தது. பிரித்தார், உப்புத்தாளால் தேய்த்தார், மறுபடி செருகினார். பசை டப்பா பக்கத்தில் மூடியபடியே இருந்தது. அப்பா எப்போதும் அப்படித்தான். நாற்காலியோ கட்டிலோ, முதலில் பசை இல்லாமல் சேர்த்துப் பார்த்துவிடுவார். பொருந்தவில்லை என்றால் பிரித்துவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை. பசை போட்டுவிட்டால் பிரிக்க முடியாது, உடைக்கத்தான் முடியும்.

வண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரீங்காரம் பலமானது.

"வண்டு, உன் ஓட்டு எதுக்கு?" என்றான் கேப்டன்.

வண்டு மாமா பக்கம் திரும்பினாள்.

"மாமா, லினக்ஸைப் பசை போடாம சேர்த்துப் பார்க்க முடியாதா?"

மாமாவுக்கு முதலில் புரியவில்லை. வண்டு மூடியைக் காட்டினாள். டிஸ்க்கில் எதையும் எழுதாமல், சும்மா ஒரு முறை ஏற்றிப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் பிரித்துவிட முடியுமா என்று விளக்கினாள்.

மாமா தலையில் தட்டிக்கொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். வீட்டுச் சாவி, வண்டிச் சாவி, கடைச் சாவி. அவற்றுக்கு நடுவே கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பென் டிரைவ் தொங்கியது.

"தினமும் பையிலேயே வச்சுக்கிட்டுச் சுத்துறேன்," என்றார். "எனக்குத் தோணலை பாரு."

அந்தச் சின்னத் துண்டுக்குள் ஒரு முழு லினக்ஸே இருக்கிறது என்றார். வண்டு நம்பவில்லை. மாமா பென் டிரைவைப் பெட்டியில் செருகி, மறுபடி பொத்தானை அழுத்தினார்.

இந்த முறை திரை சும்மா நிற்கவில்லை. கறுப்பில் வெள்ளை வரிகள் கடகடவென்று ஓடின. என்ன செய்கிறது என்று வண்டு கிசுகிசுத்தாள். வண்டி எடுப்பதற்கு முன்னால் அம்மா பிரேக், விளக்கு, கண்ணாடி எல்லாம் சரி பார்ப்பார் இல்லையா, அதைத்தான் செய்கிறது என்று மாமாவும் கிசுகிசுத்தார். விசிறி இருக்கிறதா, இருக்கிறது. கீபோர்டு இருக்கிறதா, இருக்கிறது. திரை இருக்கிறதா, இருக்கிறது. பெட்டிக்குள் மாமா பொருத்திய ஒவ்வொன்றையும் அது பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தது.

வரிகள் மறைந்தன. திரை முழுவதும் வெளிச்சம் பரவியது. ஒரு ஏரி, அதன் மேல் விடியற்காலை வானம், ஓரத்தில் சின்னச் சின்னப் படங்கள். மவுஸை அசைத்ததும் அம்பு நகர்ந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன் திகைத்து நின்ற பெட்டி இப்போது யார் என்ன சொல்வார்கள் என்று காத்திருந்தது. இத்தனையும் ஒரு சாவிக்கொத்திலிருந்து வந்தது. டிஸ்க்கில் இன்னும் ஒரு எழுத்துகூட எழுதவில்லை. 

அவள் மேஜைக்கு அடியில் குனிந்து மூட்டையை இழுத்தாள். போர்வை விலகியதும் அப்பாவின் கையில் இருந்த உப்புத்தாள் நின்றது.

"அது எங்க கிடைச்சுது?" என்றார்.

"பரண்ல. சும்மா சேர்த்துத்தான் பார்க்கப்போறோம்ப்பா. பொருந்தலைன்னா பிரிச்சிடலாம்."

செருகினாள். சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. கடையிலும் அதுதான் எரிந்தது, அதனால் வண்டு உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். மாமா எதையோ திறந்தார். வெள்ளைக் கட்டம் ஒன்று வந்தது. அதற்குள் ஒரு பெயர் இருந்தது. வண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு குனிந்து ஸ்டியரிங்கின் அடியில் பாதி அழிந்திருந்த எழுத்துகளைப் படித்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

இரண்டும் ஒரே பெயர்.

ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினாள். திரையில் ஒரு கோடு இடப்பக்கம் போனது. வலப்பக்கம் திருப்பினாள், வலப்பக்கம் போனது. கேப்டன் சட்டென்று கீழே உட்கார்ந்து கையால் பெடலை அழுத்தினான். இன்னொரு கோடு மேலே ஏறியது.

"இதுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் வண்டு. "கம்பெனிதான் மூடிட்டாங்களே?"

மாமா குனிந்து அந்தப் பெயரை மறுபடி படித்தார். எனக்கும் தெரியாது என்று முதலில் சொன்னார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"எங்கேயோ யாரோ ஒருத்தர்கிட்ட இதே ஸ்டியரிங் இருந்திருக்கு. தூக்கிப் போட மனசு வரலை போல. உட்கார்ந்து எழுதியிருக்காரு. எழுதினதைத் தன்கிட்டயே வச்சுக்காம எல்லாருக்கும் குடுத்திருக்காரு. லினக்ஸ் மாற மாற, வேற யாரோ அதைச் சரிபண்ணிக்கிட்டே வந்திருக்காங்க. இன்னைக்கு வரைக்கும்."

"அவங்களுக்கு நம்மளைத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்பா கையைப் பத்தி?"

"எப்படித் தெரியும்?"

வண்டு அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் தெரியாத யாரோ, எந்த ஊரிலோ, எந்த மேஜையிலோ உட்கார்ந்து எழுதியது. எத்தனையோ கை மாறி, ஒரு சாவிக்கொத்தில் தொங்கி, சரியாக இந்தக் கூடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இந்த உலகத்தில் இப்படியும் நடக்குமா? ஒரு நன்றிகூடச் சொல்ல முடியாதே என்று நினைத்தபோது அவளுக்குக் கண் கலங்கியது.

பென் டிரைவிலேயே ஒரு கார்ப் பந்தயமும் இருந்தது. மாமா அதைத் திறந்தார்.  கேப்டன்தான் நாற்காலியை இழுத்துப் போட்டான். "உட்காருங்கப்பா," என்றான்.

அப்பா கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். இரண்டு முறை துடைத்தார். உட்கார்ந்து, ஸ்டியரிங்கின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தார். மூன்று விரல்கள் ஒரு பக்கம், ஐந்து விரல்கள் மறு பக்கம். கால் பெடலைத் தேடிக் கண்டுபிடித்தது.

முதல் வளைவில் கார் மரத்தில் முட்டியது. இரண்டாவது வளைவில் புல்லில் இறங்கி ஏறியது. மூன்றாவது வளைவில் என்ன நடந்தது என்று வண்டுவால் சொல்ல முடியவில்லை. அப்பாவின் தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, கார் வழுக்கிக்கொண்டு வளைந்து இரண்டு கார்களுக்கு நடுவே நூல் பிடித்தாற்போலப் போய்விட்டது. அப்புறம் அது எங்கும் முட்டவில்லை. மலைப்பாதை, பாலம், சுரங்கம். அப்பா கண் இமைக்கவில்லை. காலையில் பட்டறைக்குப் போய் மாலையில் மரத்தூளோடு வருகிற அதே அப்பாவா இவர்? இத்தனை நாளாக இந்த ஆள் எங்கே இருந்தார்? வண்டுவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

கார் முதலாவதாக எல்லைக் கோட்டைத் தாண்டியது. அப்பா மெதுவாகத் திரும்பினார். பந்தயத்தில் ஓடியது அவர்தான் என்பதுபோல மூச்சு வாங்கியது.

"அத்தான்," என்றார் மாமா. அப்புறம் பலமாகக் கைதட்டினார்.

கேப்டன் தொண்டையைச் செருமினான்.

"என்கிட்ட ரெண்டு ஓட்டு இருக்கு. ரெண்டும் லினக்ஸுக்கு," என்றான். "நான் எப்பவும்போல ஃப்ரெண்டு வீட்டுலயே போய் ஆடிக்கிறேன். பரவாயில்லை." சொல்லிவிட்டுச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பை வண்டுவுக்குத் தெரியும். வாய் மட்டும் சிரிக்கிற சிரிப்பு. ஒரு வீட்டில் அதை ஒருவர் சிரித்தால் போதாதா? ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவருக்கு மாட்டிவிடுவதற்கா இவ்வளவு பாடு?

அப்பாவும் அதைப் பார்த்திருக்க வேண்டும். வேண்டாம்ப்பா, உன் ஆட்டம்தான் முக்கியம் என்று எழுந்துவிட்டார். இல்லை, நீங்கள் உட்காருங்கள் என்று கேப்டன் தோளைப் பிடித்து அழுத்தினான். நாற்காலிக்கு இப்படி ஒரு சண்டை அந்த வீட்டில் அதுவரை நடந்ததில்லை.

வண்டு அவர்களைக் கவனிக்கவில்லை. மரப்பெட்டியின் பக்கப் பலகையைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரீங்காரம் உச்சத்துக்குப் போய்ச் சட்டென்று நின்றது.

"மாமா, லினக்ஸுக்கு எவ்வளவு இடம் வேணும்?"

அதுவும் கார்ப் பந்தயமும் மட்டும் என்றால் சின்ன இடமே போதும் என்றார் மாமா.

"அம்மாவோட பழைய லேப்டாப்ல இருக்கற டிஸ்க் போதுமா?"

திரை உடைந்து அலமாரிக்கு மேல் தூசி தின்றுகொண்டிருந்த லேப்டாப் அது. ஓ, தாராளமாகப் போதும் என்றார் மாமா. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் கண் வண்டுவின் விரல் காட்டிய இடத்துக்குப் போனது. பெட்டிக்குள் முதல் தட்டில் புது டிஸ்க். அதற்குக் கீழே வழவழவென்று, காலியாக, எதற்கோ காத்திருந்தது இரண்டாவது தட்டு.

அப்பா மெல்ல இருமினார்.

"துணி மடிச்சு வைக்கறதுக்குத்தானே மாப்ள செஞ்சேன்," என்றார்.

மாமா இரண்டு காதையும் பிடித்துக்கொண்டார்.

அதன் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. லேப்டாப்பைத் திறப்பதற்கு முன் வண்டு அம்மாவுக்குப் போன் செய்து, அதில் அழிக்கக் கூடாதது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். படங்களை எல்லாம் எப்போதோ வேறு இடத்தில் ஏற்றிவிட்டேன், ஆனால் எதற்கும் ஒரு முறை பார்த்துக்கொள், வண்டி எடுக்க நேரமாகிவிட்டது என்று அம்மா போனை வைத்துவிட்டார். வண்டு சொன்னபடி மாமா ஒரு முறை பார்த்தார், எதுவும் மிச்சமில்லை. கேப்டன் திருகாணிகளைக் கழற்றினான். அப்பா தட்டில் பழைய டிஸ்க்கை வைத்து, ஆடுகிறதா என்று பார்த்து, ஓரத்தில் ஒரு சின்ன மரச் சக்கை செருகினார். மேல் தட்டில் விண்டோஸ், கீழ்த் தட்டில் லினக்ஸ்.

எல்லாம் முடிந்ததும் பொத்தானை அழுத்தும் வேலையை வண்டுவிடம் கொடுத்தார்கள்.

விசிறிகள் சுழன்றன. திரையில் இரண்டு பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன. எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். ஒரு பெட்டிக்குள் இரண்டு உலகம். ஒன்றில் நான்கு பையன்களும் ஒரு கேப்டனும் காத்திருக்கிறார்கள், அவனுக்கு இனி நாற்காலி உண்டு. இன்னொன்றில் முகம் தெரியாத யாரோ ஒருவர் அப்பாவுக்காக ஒரு ஸ்டியரிங்கைப் பத்திரமாக வைத்திருக்கிறார். வண்டு எதையும் அழுத்தாமல் சற்று நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் அம்மா சீருடையோடு உள்ளே வந்தபோது கூடத்தில் யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா மலைப்பாதையில் இருந்தார். அம்மா கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமல் வாசலிலேயே நின்று பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கைப்பையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு வந்து, "எழுந்திருங்க. என் முறை," என்றார்.

அம்மா ஓட்டியதை அந்தக் குடும்பம் வெகுநாள் மறக்காது. முதல் வளைவில் இண்டிகேட்டரைத் தேடினார். பின்னால் வந்த கார்களுக்கெல்லாம் ஒதுங்கி வழிவிட்டார். சுரங்கத்துக்குள் விளக்குப் போட வேண்டும் என்றார். சாலையோரத்தில் கூட்டம் நின்று கையசைத்ததைப் பார்த்ததும், பழக்க தோஷத்தில் காரை ஓரம் கட்டி நிறுத்தியே விட்டார். கடைசியாக வந்து சேர்ந்தார். அடுத்து அப்பா உட்கார்ந்தார், முதலாவதாக வந்தார்.

அம்மா தலையிலிருந்த சீருடைத் தொப்பியைக் கழற்றி அப்பாவின் தலையில் வைத்தார்.

"நாளைக்குக் காலைல முதல் பஸ்ஸை நீங்களே எடுத்துட்டுப் போங்க. நான் தூங்கப்போறேன்."

அப்பா சிரித்தார். தொப்பி நழுவி மூக்கு வரைக்கும் இறங்கியதில் அவர் கண் யாருக்கும் தெரியவில்லை. ஆனாலும் அந்தக் கண்ணும் சிரித்ததை வண்டு கீழிருந்து பார்த்துவிட்டாள்.